லாத்தா கிஞ்சாங்குக்குப் போட்ட திட்டம்

என் வாழ்நாளில் நான் பயணம் போனதைவிடப் பயணத்துக்குத் திட்டம் போட்டதுதான் அதிகம். தோட்டத்து இளைஞர் மன்றத்துக்குச் செயலாளராக இருந்தவனுக்கு வேறு என்ன கதி வாய்க்கும்? யாருக்கு எங்கே போக ஆசை வந்தாலும் அது என் தலையில்தான் வந்து விடியும். ஈப்போவில் ஓர் இரும்புக்கடையில் வாரம் முழுக்க ஆணி நிறுத்துக் கொடுத்துவிட்டு, சனிக்கிழமை மத்தியானம் பஸ் பிடித்துத் தாப்பா பக்கத்திலிருந்த எங்கள் கித்தா, அதாவது ரப்பர், தோட்டத்துக்கு வருவேன். சட்டையைக் கழற்றுவதற்குள் இரண்டு பேர் வாசலில் நிற்பார்கள்.

வரிசை வீடுகளான எங்கள் லயத்துக் குழாயடியில் நின்று பார்த்தால் கிழக்கே மலை தெரியும். மலையின் நெஞ்சில் மேலிருந்து கீழாக ஒரு வெள்ளைக் கோடு. அதுதான் லாத்தா கிஞ்சாங் அருவி. "மலையில வேட்டி காயுது" என்போம். மழை நாளில் வேட்டி அகலும். ரொம்ப அகன்றிருந்தால் மறுநாள் பால்வெட்டு இருக்காது என்று உளியைத் தீட்டாமலேயே படுத்துக்கொள்வார்கள். இப்படித் தினமும் பார்த்த அருவிக்கு எங்கள் தோட்டத்தில் ஒருத்தரும் போனதில்லை. பக்கத்தில்தானே இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் போய்க்கொள்ளலாம் என்று இருந்துவிட்டோம்.

எழுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் தோட்டத்தில் ஆறேழு குடும்பங்கள் பெட்டி கட்டின. குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்று சட்டம் வந்திருந்தது. சிலருக்குக் கிடைத்தது, சிலருக்குக் கிடைக்கவில்லை. என் அக்காவுக்கு இங்கேயே பிறந்ததால் நீல ஐசி, குடியுரிமை உள்ளவர்களின் அடையாள அட்டை. மச்சான் சின்ன வயதில் ஊரிலிருந்து, அதாவது தமிழ்நாட்டிலிருந்து, வந்தவர், அவருக்குச் சிவப்பு. பெர்மிட் இல்லை என்று கடிதம் வந்த அன்று அவர் போய்ச் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். பினாங்கிலிருந்து கப்பல், இன்னும் இரண்டரை மாதத்தில். அக்காவும் இரண்டு பிள்ளைகளும் அவரோடு போவது என்று முடிவாயிற்று. அவள் கண்டிராத ஊருக்கு அவளை அனுப்புகிறோமே என்று எனக்குத் தாங்கவில்லை.

அந்தச் சனிக்கிழமை, எனக்குச் சோறு போட்டுக்கொண்டே அக்கா கேட்டாள்.

"தம்பி, போறதுக்கு முன்னால ஒரு தரம் லாத்தாவுக்குப் போயிட்டு வரலாமாடா?"

அவ்வளவுதான் கேட்டாள். பன்னிரண்டு வயதில் உளி பிடித்தவள். அதுவரை என்னிடம் ஒன்றும் கேட்டதில்லை. கேட்ட ஒன்றையும் சிறிசாகச் செய்து கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அங்கேதான் எனக்குப் பிடித்தது சனியன்.

"அருவி மட்டும் என்னக்கா, கடலுக்கும் போவோம். காலையில லாத்தா. அங்க குளிச்சு, கட்டிக்கிட்டுப் போற சோத்த மக்கான் பண்ணிட்டுப் பொறப்பட்டா சாயங்காலம் சித்தியவான். மச்சான் சொந்தக்காரங்க தோட்டத்துல ராத்தங்கிட்டு, மறுநாள் லூமுட், தெலுக் பாத்திக் கடற்கரை."

"கடலு என்னாத்துக்குலா? கப்பல்ல ஏழு நாளு கடலத்தான பாக்கப் போறேன்."

"அது வேற கடலுக்கா, இது வேற."

என்ன பேச்சு பாருங்கள். அவள் சிரித்துவிட்டு ரசத்தை ஊற்றினாள்.

மறுநாளே ஒரு நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தேன். போகிற குடும்பங்கள் எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு போவது, மன்றத்தின் பெயரில் வழியனுப்பு விழாவாக அதை நடத்துவது என்று யோசனை பெருத்துக்கொண்டே போனது. ஐந்து பேர் முப்பது பேரானார்கள். முப்பது பேருக்கு லோரி வேண்டும். தோட்டத்து லோரி ஞாயிற்றுக்கிழமைகளில் சும்மா கிடந்தது, ஆனால் ஆபீஸ் பெரிய கிராணியிடம் கேட்க வேண்டும், அவர் துரையிடம் கேட்க வேண்டும். டிரைவர் அண்ணனோ, "பொம்பளைங்கள நிக்க வச்சு மலைச் சடக்குல ஓட்ட மாட்டேன்லா, பெஞ்சு போடு" என்றார். பெஞ்சு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் இருந்தது. அதற்கு வாத்தியாரைக் கேட்க வேண்டும்.

பிறகு யார் யாரோடு பேசுவதில்லை என்ற கணக்கு. மேல் லயத்து ஒரு வீடும் கீழ் லயத்து ஒரு வீடும் ஒரு கல்யாணப் பந்தியில் முறைத்துக்கொண்டு நாலு வருடமாக முகம் பார்ப்பதில்லை. அவர்களை லோரியின் இரண்டு முனையில் உட்கார வைக்க வேண்டும். ஒருத்தர் கோழி வேண்டும் என்றார், இன்னொருத்தர் ஞாயிற்றுக்கிழமை விரதம் என்றார். ஒரு பெரியவர் லோரியில் வந்தால் முதுகு போய்விடும் என்றும், தன்னை விட்டுவிட்டுப் போனால் மனசு போய்விடும் என்றும் சொன்னார். ஈப்போவில் நாள் முழுக்க நின்று வேலை பார்த்துவிட்டு, வார இறுதியில் இந்த ஞாயங்களைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. அந்தச் சலிப்பு இத்தனை வருடம் கழித்தும் என் உடம்பில் இருக்கிறது. இன்றைக்கும் யாராவது நோட்டும் பேனாவும் எடுத்தால் எனக்குக் கொட்டாவி வருகிறது.

எல்லாம் ஒருவழியாகக் கூடிவந்தது. துரை திங்கட்கிழமைக்கும் சேர்த்துத் தலையாட்டிவிட்டார், பெஞ்சும் கிடைத்தது. அடுத்த மாதம் மூன்றாம் ஞாயிறு என்று நாள் குறித்து மன்றத்துப் பலகையில் எழுதிப் போட்டேன்.

அதற்கு மறுவாரம் கோயில் கூட்டம். எங்கள் தோட்டத்து மாரியம்மனுக்கு வருடம் ஒரு தரம் திருவிழா. அந்த வருடம் அது கப்பல் போன பிறகுதான் வரும். போகிறவர்களுக்குக் கடைசித் திருவிழா இல்லாமல் போகிறதே என்று நான்தான் எழுந்து பேசினேன். நல்லாவே பேசினேன். "நம்ம ஆத்தாவ விட்டுட்டுப் போறவங்க, ஒரு பால்குடம் தூக்கிட்டுப் போவட்டும்" என்றபோது இரண்டு மூன்று பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். திருவிழாவை முன்கூட்டியே நடத்துவது என்று அப்போதே நாளும் குறித்துத் தீர்மானமாயிற்று. தலைவர் என் தோளைத் தட்டிக்கொடுத்தார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.

பாதி வழியில்தான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். திருவிழாவுக்குப் பத்து நாள் முன்பு காப்புக் கட்டுவார்கள். காப்புக் கட்டிவிட்டால், அதை அவிழ்க்கும்வரை தோட்டத்து ஆட்கள் யாரும் வெளியில் ராத்தங்கக் கூடாது. பால்குடத்துக்கு நேர்ந்து கையில் காப்புக் கட்டிக்கொண்டவர்களோ தோட்டத்து எல்லையையே தாண்டக் கூடாது. என் மூன்றாம் ஞாயிறு சரியாக அந்தப் பத்து நாளுக்கு நடுவில் விழுந்தது. என் வாயாலேயே என் திட்டத்துக்கு மண்ணள்ளிப் போட்டிருந்தேன்.

திரும்பிப் போய் மாற்றச் சொல்லலாமா என்று தோன்றியது. எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? அக்காவிடம் வந்து சொன்னேன். அவள் கோபப்படவில்லை.

"காப்புக் கட்டுறதுக்கு இன்னும் ரெண்டு வாரம் இருக்குல்ல. நம்ம ரெண்டு பேரும் ஒரு மத்தியானம் பஸ்ல போயிட்டு வந்தா என்னடா? என் நெறை மரத்துலல்லாம் வெட்டி முடிச்சுப் பால ஸ்டோர்ல ஊத்திட்டேன்னா ஒரு மணிக்கு நான் சும்மாதான இருக்கேன்."

"முப்பது பேருக்குச் சொல்லியாச்சுக்கா. இப்ப நாம மட்டும் தனியா போனா நாலு பேரு என்ன நெனப்பாங்க? சூசாக்கா, கஷ்டம். திருவிழா முடியட்டும், அதுக்கப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை இருக்கு. பெரிசாவே போலாம்."

"சரிடா, ஒன் இஷ்டம்," என்றாள்.

தாப்பாவிலிருந்து அருவிக்குப் பக்கத்துச் செண்டரியாங்குக்குப் பஸ் இருந்தது. இறங்கிக் கொஞ்ச தூரம் நடக்க வேண்டும், அவ்வளவுதான். சைக்கிளில் பின்னால் உட்கார வைத்துக்கூட நான் மிதித்துக்கொண்டு போயிருக்கலாம். எனக்கு அப்போது இருபத்துநாலு வயது, காலில் நல்ல பலம் இருந்தது. புத்திதான் இல்லை.

திருவிழா நன்றாக நடந்தது. அக்கா மஞ்சள் சேலையில் பால்குடம் எடுத்தாள். கப்பல் பயணம் நல்லபடி முடிய வேண்டும் என்று வேண்டிக்கொண்டதாகச் சொன்னாள். காப்பு அவிழ்த்த மறுநாள், பினாங்கிலிருந்து சேதி வந்தது. கப்பலேறுகிறவர்கள் மூன்று நாள் முன்னதாகவே வந்து சேர வேண்டுமாம், ஊசி போடுவதும் பெட்டி பார்ப்பதும் இருக்கிறதாம். நான் மிச்சம் வைத்திருந்த அந்த ஒரு ஞாயிறு அதோடு போனது. லோரி என்னவோ அன்றைக்கு ஓடியது. அருவிக்குப் போட வைத்திருந்த அதே பெஞ்சுகளைப் போட்டு, அந்த முப்பது பேரையும் ஏற்றித் தாப்பா ரோடு ரயில் நிலையத்தில் கொண்டுபோய் இறக்கியது.

பினாங்குத் துறையில் ஒரே கூட்டம். எந்தப் பக்கம் திரும்பினாலும் தகரப்பெட்டியும் அழுகையும். மச்சான் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தண்ணீர் வாங்கப் போயிருந்தார். நானும் அக்காவும் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தோம். ஏதாவது பேச வேண்டுமே என்று நான்தான் ஆரம்பித்தேன்.

"லாத்தாவுக்குத்தான் போவ முடியல. விடுக்கா, ஊருலயும் அருவியெல்லாம் இருக்கும்."

"அருவியப் பாக்கவா போவணும்னு சொன்னேன்?"

"பின்ன என்னாத்துக்குக்கா?"

"அங்க மேல ஏறி நின்னு இந்தப் பக்கம் பாத்தா நம்ம தோட்டம் முழுசும் தெரியும்னு சொன்னாங்கடா. நான் நெறைக்குள்ளயே நின்னுக்கிட்டு மரத்தத்தான் பாத்திருக்கேன். பொறந்த எடம் மொத்தமா எப்பிடி இருக்குன்னு ஒரு தரம் பாத்து வச்சுக்கிட்டுப் போலாம்னு இருந்தேன். ஊருல உக்காந்து நெனச்சுப் பாக்கணும்ல."

"இத ஏங்க்கா மொதல்லயே சொல்லல?"

"நீ கடலு, லோரின்னு சந்தோஷமா எழுதிக்கிட்டு இருந்த. எனக்கும் அதப் பாக்க நல்லாத்தான் இருந்திச்சு."

மச்சான் தண்ணீரோடு வந்துவிட்டார். பிறகு பெட்டி தூக்குவதிலும் சீட்டைக் காட்டுவதிலும் நேரம் ஓடிவிட்டது. ஈப்போவுக்குத் திரும்பி வந்தவன் அந்த நோட்டைக் கிழித்து இரும்புக்கடை அடுப்பில் போட்டேன். மன்றத்துச் செயலாளர் வேலையையும் விட்டேன்.

எண்பதுகளில் தோட்டத்தைக் கைமாற்றிவிட்டார்கள். ரப்பர் மரங்களை வெட்டி எண்ணெய்க்கான செம்பனை போட்டார்கள். சனம் ஈப்போ, பீடோர், சுங்கை சிப்புட் என்று ஆளுக்கொரு பக்கம் சிதறிப் போனது. காலி லயங்களையும் ஒரு நாள் இடித்துவிட்டார்கள். எனக்குக் கல்யாணமாகி, ஈப்போவில் அடுக்குமாடி வீட்டில் நாலாம் மாடியில் குடியிருந்தேன். பள்ளி விடுமுறையில் பிள்ளைகள் அருவிக்குப் போக வேண்டும் என்று நச்சரித்தார்கள். "நீங்க ஒண்ணும் திட்டம் போட வேணாம், நான் பாத்துக்கிறேன்" என்றாள் என் மனைவி. என் வரலாறு அவளுக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக்காரர் காரில் ஏற்றிக்கொண்டார். எலுமிச்சை சோறு கட்டினாள், ஒன்றரை மணி நேரத்தில் லாத்தா கிஞ்சாங்கில் நின்றோம். இவ்வளவுதானா என்று எனக்கு வயிறு எரிந்தது.

பிள்ளைகள் தண்ணீரில் இறங்கினார்கள். நான் பாறை ஓரமாகப் பிடித்துப் பிடித்து மேலே ஏறினேன். மரங்கள் விலகிய ஓர் இடத்தில், அருவிக்கு முதுகைக் காட்டி நின்றேன். கீழிருந்து மனைவி கூப்பிட்டாள்.

"எல்லாரும் தண்ணியப் பாக்கிறாங்க, நீங்க என்னா அந்தப் பக்கம் திரும்பி நிக்கிறீங்க?"

தூரத்தில் பழைய ஈயச்சுரங்கக் குட்டைகள் மினுங்கின. சடக்கு ஒரு வெளிர் கோடாகத் தெரிந்தது. மற்றபடி ஒரே பச்சை. எது கித்தா, எது செம்பனை, எது யாருடையது என்று பிரிக்க முடியவில்லை. கோயிலைத் தேடினேன், ஸ்டோர்ப் புகைக்கூண்டைத் தேடினேன். ரொம்ப நேரம் தேடினேன். எங்கள் தோட்டம் எங்கே இருந்தது என்றே எனக்குத் தெரியவில்லை. அந்தப் பாறைமேல் உட்கார்ந்து அழுதேன். இவ்வளவு பெரிய ஆள் அழுகிறானே என்று இரண்டு இளைஞர்கள் தள்ளிப் போனார்கள்.

அந்த வாரம் அக்காவுக்கு ஏர்மெயில் எழுதினேன். தோட்டத்தை விற்றதையும் லயத்தை இடித்ததையும் அதுவரை நான் அவளுக்குத் தெரிவித்திருக்கவில்லை. அன்றும் தெரிவிக்கவில்லை. லாத்தாவுக்குப் போனேன், மேலே ஏறி நின்றேன், எல்லாம் தெரிந்தது அக்கா என்று எழுதினேன். கோயில், ஸ்டோர், பள்ளிக்கூடம், நீ பால் வெட்டின மலைக்காடு, லயத்தில் நம் வீடு என்று வரிசையாக எழுதினேன். ஏர்மெயிலின் மடிப்பு ஓரம் வரைக்கும் எழுதினேன்.

ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது. அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, அவள் மகன்தான் எழுதியிருந்தான். அம்மா தங்கள் கடிதத்தை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார்கள், நம் வீட்டு வாசலில் அப்போது யாராவது நின்றார்களா என்று கேட்கச் சொன்னார்கள் என்று இருந்தது.

ஒரு பெண் உட்கார்ந்து முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள் என்று எழுதிப் போட்டேன்.