சுர்ருங்குது என்றாள்

ஹவுராவில் ஒரு தொழிற்சாலையின் வரைபடப் பிரிவில் வேலை பார்த்தவன் நான். அங்கே கழித்துப்போட்ட ஒர்க்ஸ்டேஷன் மானிட்டரைப் பாலிகஞ்சில் இருந்த எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அதை என் கம்ப்யூட்டரோடு இணைக்கும் கேபிளைத் தேடவே ஒரு மாதம் ஆனது. படம் வந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டையும் எர்த் இல்லாத பழைய எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகியிருந்ததை நினைக்கவே இல்லை.

மறுநாள் மேசையைத் துடைத்த மனைவி, "ஏங்க, இந்தக் கம்ப்யூட்டர் பெட்டியைத் தொட்டா சுர்ருங்குது" என்றாள்.

"பழைய மானிட்டர் மாட்டினா அப்படித்தான் இருக்கும். உனக்கென்ன தெரியும்?" என்றேன்.

அடுத்த வாரம் மழைச் சாரலில் அந்த அறையின் தரை நனைந்துவிட்டது. பெட்டி நனையாமலிருக்க வெறுங்காலோடு அதை நகர்த்தப் போனவள், கையை எடுக்க முடியாமல் துடித்தாள். நான் ஓடிப்போய் மெயினை அணைத்ததும் கீழே விழுந்தாள். பிழைத்துவிட்டாள். வலது கை விரல்கள் இன்னும் சரியாக மடங்கவில்லை.

மானிட்டரைக் காயலான் கடையில் போட்டுவிட்டேன். இப்போதெல்லாம் எர்த் இருக்கிறதா என்று சோதிக்காமல் எதையும் செருகுவதில்லை. அவள் ஒரு வார்த்தை சொன்னால் உடனே மெயினை அணைத்துவிடுவேன்.

ஆனால் அவள் என்னிடம் சொல்வதில்லை. எதிர்வீட்டு எலக்ட்ரீஷியனைத்தான் கூப்பிடுகிறாள்.