யானை தின்னாத சீர்

1996 ஜனவரி 12, வெள்ளிக்கிழமை. அப்பா வழக்கம்போல நாலரைக்கு எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார். அம்மா பால் கறந்தாள். ஐந்தரைக்கு நானும் அப்பாவும் தஞ்சாவூர் பஸ்ஸில் ஏறிவிட்டோம். அத்தைக்குப் பொங்கல் சீர் கொண்டுபோனோம்: ஒரு கட்டுச் செங்கரும்பு, ஒரு வாழைத்தார், அரை மூட்டைப் புது அரிசி, வெல்லம். எனக்கு ஒன்பது வயது.

ஆற்றில் தண்ணீர் சரியாக வராத வருடங்களில் மாமா நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, அத்தையோடும் தன் அம்மாவோடும் கோயம்புத்தூருக்கு மேற்கே மலையடிவாரத்துக்கு மில் வேலைக்குப் போயிருந்தார். நாங்கள் அங்கே போவது அதுவே முதல் தடவை. கடைசியாக ஏறிய டவுன் பஸ்ஸின் கண்டக்டர் கரும்பைப் பார்த்து, “இது மனுசங்களுக்கா, யானைக்குங்களா?” என்றார். அப்பா அதை வேடிக்கைப் பேச்சாக எடுத்துக்கொண்டார்.

நிறுத்தத்தில் காத்திருந்த அத்தையின் முகம் கரும்பைக் கண்டதும் வாடியது. கரும்பு, வாழை, வெல்லம் எதையும் வீட்டில் வைப்பதில்லை என்று அந்த ஊரே கூடிப் பேசி முடிவு செய்திருந்தது. அரிசிகூட ரேஷன் கடையை ஒட்டிய இரும்புக்கதவு அறையில்தான். அன்றன்றைக்கு வேண்டியதை அளந்து எடுத்து வருவார்கள். வாசனை இல்லாத வீட்டை யானை தாண்டிப் போய்விடுமாம்.

“பொறந்த வீட்டுச் சீரை ரோட்டோட திருப்பி அனுப்புறியா?” என்றார் அப்பா.

“கோவிச்சுக்காதீங்கண்ணே. என் வீட்டு வாசத்துக்கு வர்றது பக்கத்து வீட்டுச் சுவத்தையும்ல இடிக்கும். அங்க கைக்கொழந்தை இருக்கு.”

அரிசி அந்த அறைக்குப் போனது. மற்றதையெல்லாம் டவுனுக்குத் திரும்பும் அதே பஸ்ஸில் ஏறியவர்களுக்கு அத்தை பங்கிட்டுக் கொடுத்தாள். கண்டக்டருக்கு இரண்டு கரும்பு. எனக்கும் ஒரு துண்டு கிடைத்தது, அங்கேயே தின்று முடிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. சக்கையைக்கூடப் பையில் பிடித்து பஸ்ஸில் அனுப்பினார்கள். எனக்கு ஒரே கொண்டாட்டம். அப்பா மட்டும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

வீட்டில் அத்தையின் மாமியார், “சீர் வந்த பஸ்லயே திரும்பிப் போயிடுச்சாமே. தெருவுல கேட்டா நான் எதைக் காட்டுறது?” என்றார். அத்தை காபியை ஆற்றினாள்.

மறுநாள் காலை முதல் வேலையாக அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு டவுனுக்குப் போய் ஒரு பித்தளைப் பானை வாங்கினார். கடைக்காரர் காகிதம் சுற்றப் போனபோது வேண்டாம் என்றார். நிறுத்தத்திலிருந்து அத்தை வீட்டுக்கு ஐந்து நிமிடக் குறுக்குப்பாதை உண்டு. அவரோ பானையைத் தோளில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாகச் சுற்றி நடந்தார். பாவம், வழி மறந்துவிட்டார் என்று நினைத்து, ஒவ்வொரு திருப்பத்திலும் அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டே போனேன்.