நான் வெட்டி எடுத்த பதினான்கு பக்கங்கள்

1. பக்கம் பார்க்கும் வேலை

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எனக்குத் தந்த வேலை பக்கம் பார்ப்பது. வாசகர் திருப்பித் தரும் புத்தகத்தை அலுமாரியில் வைக்கும் முன், முதலிலிருந்து கடைசி வரை விரலால் புரட்டிப் பக்கங்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். உயர்தரம் சித்தியடைந்துவிட்டு இதுவா உத்தியோகம் என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. அப்போதிருந்த நூலகர் கண்டிப்பான மனிதர். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கதிரையில் இருந்தபடியே சொன்னார்.

"பிள்ளை, நீர் புத்தகம் வாசிக்காட்டியும் காரியமில்லை. பக்கத்தைப் பாரும். கிழிஞ்சா ஒட்டலாம். நனைஞ்சா காயவிடலாம். பிளேட்டால வெட்டினதுக்கு மருந்தில்லை."

அதன் பிறகு கிளிநொச்சி மாவட்டத்தில் மூன்று சிறிய நூலகங்களில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தேன். யுத்த காலத்தில் எங்கள் நூலகம் இரண்டு தடவை உழவு இயந்திரப் பெட்டியில் ஏறி இடம்பெயர்ந்தது. மூன்றாம் தடவை புத்தகங்களை விட்டுவிட்டு நாங்கள் மட்டும் ஓடினோம். இருந்தும் பக்கம் பார்க்கும் பழக்கம் கையை விட்டுப் போகவில்லை. என்னிடம் அகப்பட்டவர்கள் பலர்.

ஒரு முறை கணித ரீச்சர் ஒருவர், மாதிரி வினாத்தாள் புத்தகத்தில் எட்டுப் பக்கத்தை வெட்டிவிட்டு, ஒன்றும் அறியாதவர் போலக் கொண்டுவந்து கவுண்டரில் வைத்தார். இருபது பேர் பார்க்க அவரை நிறுத்தி வைத்துக் கேட்டேன்.

"பிள்ளையளுக்கு இதைத்தானோ ரீச்சர் படிப்பிக்கிறியள்?"

"போட்டோக்கொப்பி எடுக்க இடமில்லை மிஸ். பிள்ளையளின்ர நன்மைக்காகத்தான்..."

"ஆரின்ர நன்மைக்கு வெட்டினாலும் வெட்டினது வெட்டினதுதான்."

அவருடைய அங்கத்துவத்தை ரத்துச் செய்து, அறிவித்தல் பலகையில் பெயரையும் போட்டேன். பாவம், மனிசி ஊர் மாறிப் போகும் வரை நூலகப் பக்கம் வரவில்லை. அப்போது எனக்கு அது பெருமையாக இருந்தது. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அவர் எட்டுப் பக்கம்தான் வெட்டினார்.

2. ஆப்கானிஸ்தான் பொடியன்

யுத்தம் முடிந்து நூலகத்தைத் திரும்பத் திறந்தபோது கட்டடம் இருந்தது, புத்தகம் இல்லை. வெளிநாட்டில் இருக்கும் எங்கள் சனம் பெட்டி பெட்டியாக அனுப்பியது. பாதிக்கு மேல் சோதிடமும் சமையலும். அப்படி வந்த ஒரு பெட்டியின் அடியில்தான் அந்த நாவல் கிடந்தது. தமிழில் மொழிபெயர்த்தது, முந்நூற்று இருபது பக்கம். பெயரை எழுதப் போவதில்லை. முடிவைச் சொல்லப் போகிறேன், இனி வாசிக்க இருப்பவர்களுக்கு அது துரோகம்.

தாவூத் என்ற பொடியனின் கதை. ஆப்கானிஸ்தானில் ஒரு மலைக் கிராமம். அவன் கைக்குழந்தையாக இருக்கும்போது அந்நிய நாட்டு டாங்கிகள் வருகின்றன. எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகும் வயதில் பள்ளிக்கூடம் எரிகிறது. அந்நியர் போன பிறகு சொந்தச் சனமே ஆளையாள் சுடுகிறது. மீசை அரும்பும் வயதில் இன்னொரு கூட்டம் வந்து ஊரைப் பிடிக்கிறது. பத்தொன்பதாவது வயதில் ஆட்கள் வந்து அவனைச் சண்டைக்குக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். பெயர்தான் வேறு மிஸ், மற்றதெல்லாம் எங்கட கதை என்று உயர்தரம் படிக்கும் பிள்ளை ஒருத்தி என்னிடம் சொன்னாள்.

கடைசி அத்தியாயம் 307ஆம் பக்கத்தில் தொடங்கும். கணவாய் ஒன்றில், பனிக்குள், தாவூத் செத்துப்போகிறான். அவனுடைய பெயர் தெரிந்த ஒரே தோழன் கல் அடுக்கி அவனைப் புதைக்கிறான். மறுநாள் அந்தத் தோழனும் சாகிறான். ஊரில் தாய் பின்னேரத்தில் ஒரு ரொட்டியைக் கூடுதலாகச் சுட்டுத் துணியில் சுற்றி வைக்கிறாள். அத்துடன் புத்தகம் முடிகிறது. வாசிப்பவருக்குத் தெரியும், தாய்க்குத் தெரியாது. அதை வாசித்த நாளில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

3. பரமேஸ்வரி அம்மா

பரமேஸ்வரி அம்மா ஸ்கந்தபுரத்திலிருந்து பஸ்ஸில் வருவார். பள்ளிக்கூடச் சீருடை தைப்பது அவருடைய தொழில். அளவு நாடா பஸ்ஸிலும் கழுத்தில்தான் கிடக்கும்.

அவருக்கு ஒரே மகன், நிரோஜன். முள்ளிவாய்க்காலில் இருந்து வெளியே வந்த நாளில், பெயரைப் பதிந்துவிட்டு விடுவோம் என்று இராணுவம் சொன்னதை நம்பி, தானே மகனைக் கையில் பிடித்துக் கொண்டுபோய் ஒப்படைத்தவர். மகன் ஒரு பஸ்ஸில் ஏறினான். அதன் பிறகு பரமேஸ்வரி அம்மா ஏறி இறங்காத அலுவலகம் இல்லை. விசாரணை, பதிவு, படிவம், திரும்பவும் விசாரணை. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் வீதியோரத்தில் கொட்டகை போட்டு இருந்தபோது அவரும் போய் இருந்தார். தையலை அங்கே கொண்டுபோய்க் கையால் தைப்பார்.

அவர் அந்த நாவலை எடுத்ததற்குக் காரணம் அட்டைப் படம். ஒரு பொடியன் முதுகு காட்டி நடந்து போகும் படம்.

"நிரோஜன் பஸ்ஸில ஏறேக்கையும் உந்த முதுகைத்தான் பிள்ளை கடைசியாக் கண்டனான்," என்றார். டேட் ஸ்லிப்பில் நான் திகதி அடிக்கும்போது இன்னொன்றும் சொன்னார். "முடிவை மட்டும் சொல்லிப்போடாதையும். நான் கெதியா வாசிக்க மாட்டன். ஆனா முடிப்பன்."

இரவல் பதினான்கு நாள். இரண்டு தடவைதான் புதுப்பிக்கலாம் என்பது சட்டம். அவருக்கு நான் ஏழு தடவை புதுப்பித்துக் கொடுத்தேன். ஒவ்வொரு தடவையும் சீருடையில் வெட்டி மிஞ்சி, பக்க அடையாளமாக வைத்த வெள்ளைத் துணித்துண்டு ஒன்று கொஞ்சம் முன்னே நகர்ந்திருக்கும். கதையை என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போவார்.

"தாவூத் முகம் வழிக்கத் துவங்கிட்டான் பிள்ளை. உடைஞ்ச லொறிக் கண்ணாடியைப் பாத்து. நாடியில வெட்டிப்போட்டான்."

"பொடியள் அப்பிடித்தானே அம்மா."

"ஓம். எங்கட நிரோஜனும் முதல் வழிச்ச அண்டு வெட்டிப்போட்டு, மாமா காணாமல் துவாயால பொத்திக்கொண்டு திரிஞ்சவர்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அவர் சிரித்து நான் கண்டது அன்றைக்குத்தான். கொட்டகையில் இருந்த மற்றத் தாய்மாருக்கும் தைத்தபடியே கதையைச் சொல்லி வந்தார் என்று பிறகு அறிந்தேன். அங்கே பத்துப் பன்னிரண்டு பேர் தாவூத் வீட்டுக்கு வருவானா என்று காத்துக்கொண்டிருந்தார்கள்.

4. நான் செய்த வேலை

அந்த மாதம் கொட்டகையில் ஒரு தாய் செத்துப்போனார். நெஞ்சு நோ என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பவில்லை. மகனுடைய படத்தோடு அவருடைய படத்தையும் கொட்டகையில் கொழுவினார்கள். அந்தக் கிழமை பரமேஸ்வரி அம்மா வந்தபோது பாதியாகிப் போயிருந்தார். துணித்துண்டு 291ஆம் பக்கத்தில் இருந்தது.

"இன்னும் கொஞ்சம்தான் கிடக்கு. முடிச்சுப்போட்டுத்தான் மற்ற அலுவல்," என்று புத்தகத்தைக் கவுண்டரில் வைத்துவிட்டு, குழாய்க் கிணற்றடிக்குத் தண்ணீர் குடிக்கப் போனார்.

எனக்குப் பயம் பிடித்தது. இந்த மனிசி அந்தப் பனியையும் கல்லையும் வாசித்தால் தாங்காது என்று நினைத்தேன். பழைய ஸ்லிப்புகளைச் சுரண்டி எடுக்கும் பிளேட் ஒன்று என் மேசை லாச்சியில் எப்போதும் கிடக்கும். எடுத்தேன். ஏழு தாள், பதினான்கு பக்கம். ஒரே இழுவையில் வந்துவிட்டது. ஒரு மண்ணிறக் கவருக்குள் போட்டு லாச்சியின் அடியில் வைத்தேன். பிறகு, பழுதான புத்தகத்துக்கு எழுதும் முறைப்படி, உள்ளட்டையில் சிவப்புப் பேனாவால் "பக்கம் 307 முதல் 320 வரை இல்லை" என்று எழுதி, பழைய திகதி ஒன்றைப் போட்டேன். கள்ள வேலைக்குக் கை எவ்வளவு கெதியாகப் பழகிவிடுகிறது என்பது எனக்கே ஆச்சரியம்.

பதினான்காம் நாள் அவர் வந்தார். புத்தகத்தைத் தராமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார்.

"கடைசி இல்லைப் பிள்ளை."

"பழைய புத்தகம் அம்மா. கழண்டு விழுந்திட்டுது." அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் நிறுத்தவில்லை. "நான் முந்தி வாசிச்சனான். தாவூத் வந்திட்டான் அம்மா. தாய் ரொட்டி சுட்டுக்கொண்டு இருக்கேக்க வந்து படலையைத் திறக்கிறான்."

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. புத்தகத்தை விரித்துக் கட்டுக்குள் மிஞ்சியிருந்த தாள் விளிம்பைப் பெருவிரலால் மேலிருந்து கீழே தடவினார்.

"நாப்பது வருஷமாத் துணி வெட்டுறன் பிள்ளை. கழண்டது எப்பிடி, கிழிஞ்சது எப்பிடி, வெட்டினது எப்பிடி எண்டு எனக்குத் தெரியாதோ? நீரோ வெட்டினது?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தவளின் நிலைமை எனக்கு. தலையை ஆட்டினேன்.

"ஏன்?"

"நீங்கள் தாங்க மாட்டியள் எண்டு..."

"அவையும் இதைத்தான் சொல்லினம்." அவர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "ஒவ்வொரு ஒஃபீசிலயும் இதைத்தான் சொல்லினம். அம்மா வீட்ட போங்கோ, மகன் இருப்பான், எங்கயும் இருப்பான், கவலைப்படாதேங்கோ எண்டு. ஒருத்தராவது உள்ளதைச் சொல்லேல்லை. மனிசர்தான் சொல்லுதில்லை, புத்தகமெண்டாலும் முடிவைச் சொல்லும் எண்டுதானே பிள்ளை நான் எழுத்துக் கூட்டி எழுத்துக் கூட்டி வாசிச்சனான். அதையும் நீர் எடுத்துப் போட்டீர்."

எனக்கு நின்ற இடம் எரிந்தது. லாச்சியை இழுத்துக் கவரை எடுத்துக் கொடுத்தேன்.

பத்திரிகை மேசையில் போய் இருந்து அவர் வாசித்தார். அளவு நாடாவின் நுனியை வரிக்குக் கீழே வைத்து, வரி வரியாக நகர்த்தினார். பதினான்கு பக்கத்துக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. நான் மற்றவர்களுக்குத் திகதி அடித்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் அழவில்லை. நான் பயந்த மாதிரி விழவுமில்லை. முடித்துவிட்டுத் தாள்களை ஒழுங்காகத் தட்டி அடுக்கிக்கொண்டு வந்து கவுண்டரில் வைத்தார்.

"செத்துப்போனான்."

"ஓம் அம்மா."

"எனக்குத் தெரியும், உமக்குத் தெரியும். அந்தத் தாய்க்குத் தெரியாது. அவள் ரொட்டி சுடுறாள். அவளுக்கு ஆர் பிள்ளை போய்ச் சொல்லுறது?"

அவர் திறந்திருந்த லாச்சியைப் பார்த்தார்.

"என்ர பிள்ளையின்ர கடைசிப் பக்கமும் இப்பிடித்தான், ஆரின்ரயோ லாச்சியில, ஒரு கவருக்குள்ள கிடக்கும். அதை வாசிச்ச ஆள் பின்னேரம் வீட்ட போய்த் தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு இருக்கும்."

பிறகு தாள்களை என் பக்கம் தள்ளினார். "ஒட்டிவிடும். அடுத்து எடுக்கிற ஆளுக்கு வேணும்."

5. ஒட்டிய பிறகு

ஒட்டினேன். ஏழு தாளும் விளிம்பில் கொஞ்சம் வெளியே தள்ளிக்கொண்டுதான் நிற்கின்றன. உள்ளட்டையில் எழுதியதன் மேல் கோடு போட்டு, "நூலகரால் வெட்டப்பட்டது, திரும்ப ஒட்டப்பட்டது" என்று உண்மையான திகதியோடு எழுதிக் கையெழுத்து வைத்தேன். நூலகத்தை நடத்தும் பிரதேச சபைக்கும் எழுத்தில் அறிவித்தேன். செயலாளர் கூப்பிட்டு, "மிஸ், முப்பது வருஷச் சேர்விஸில உங்களுக்கு என்ன பிடிச்சது?" என்று கேட்டார். எச்சரிக்கைக் கடிதம் ஒன்று என்னுடைய சேவைக் கோப்பில் இருக்கிறது.

பரமேஸ்வரி அம்மா அதன் பிறகும் வந்தார். பத்திரிகையில் கொட்டகைச் செய்தி வந்தால் பார்ப்பார். புத்தகம் எடுக்கவில்லை. கொட்டகையில் கதையின் முடிவைச் சொன்னாரா என்று நான் கேட்கவுமில்லை. நான் ஓய்வு பெறுவதற்கு முந்திய மாரியில் அவர் செத்துப்போனார். இப்போது அவருடைய படமும் கொட்டகையில் தொங்குகிறது. மகனைப் பற்றி அவருக்கு ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை.

புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது அதிகமில்லை. வாசகர் தாங்குவாரா, தாங்க மாட்டாரா என்று தீர்மானிப்பது எங்களுடைய வேலை இல்லை. பக்கம் முழுதாக இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை. என்னுடைய முதல் நூலகர் அதை முதல் நாளே சொன்னார். எனக்கு விளங்க இருபத்தெட்டு வருடமும் ஒரு தாயும் தேவைப்பட்டது.

ஓய்வு பெற்ற நாளில், புதிய நூலகரிடம் திறப்புக் கொத்தைக் கொடுக்கும் முன், லாச்சியை முழுதாக வெளியே இழுத்து மேசையில் கவிழ்த்தேன். திகதி முத்திரை, காய்ந்த கம் போத்தல், துருப்பிடித்த பிளேட். கவர் எதுவும் இல்லை. என்ன மிஸ் தேடுறியள் என்று அந்தப் பிள்ளை கேட்டாள். ஒன்றுமில்லை, ஒருக்காப் பார்த்தேன் என்றேன்.

நிரோஜனின் பக்கத்தை வைத்திருந்தவரும் இதற்குள் ஓய்வு பெற்றிருப்பார். அவர் தன்னுடைய லாச்சியைக் கவிழ்க்கவில்லை.