முயலுக்கு வைத்த பொறி

போன சனிக்கிழமை பலெர்மோவின் கபோச் சந்தையில் சூடை மீன் வாங்கிக்கொண்டு திரும்பும்போது, பழைய சாமான் கடை வாசலில் ஓர் இரும்புப் பொறி தொங்குவதைக் கண்டேன். பற்களைத் துலக்கி எண்ணெய் பூசியிருந்தார்கள். நான் நின்றதைப் பார்த்த கடைக்காரன், "வீட்டுச் சுவரில மாட்டினா வடிவா இருக்கும், சிஞ்ஞோரா" என்றான். மனிதர்கள் எதையெல்லாம் சுவரில் மாட்டுகிறார்கள் பாருங்கள். மீன் பையோடு விறுவிறென்று நடந்துவிட்டேன். பயமில்லை, ஆத்திரம். வீட்டுக்கு வந்து மீன் செதில் உரித்த வேகத்தில் பாதிச் சதையும் போய்விட்டது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், பெரிய பூங்காவை ஒட்டிய ஒரு மாளிகையில் தங்கி வேலை செய்தேன். மன்னாரிலிருந்து வந்து அதிக காலம் ஆகவில்லை. கேட்டால் கொஞ்சம் விளங்கும், வாயில் வந்த இத்தாலியன் 'சீ' ஒன்றுதான். இங்கே 'சீ' என்றால் ஓம், ஆமாம். ஊரில் ஒருவரைப் பார்த்து 'சீ' என்றால் அடி விழும், இங்கே அதைச் சொல்லித்தான் பிழைத்தேன்.

வீட்டு எசமானி, சிஞ்ஞோரா, வடக்கே எங்கேயோ குட்டி அப்பிள் மரங்கள் பூத்து நின்றதைப் பார்த்து ஆசைப்பட்டு, பலெர்மோ வெய்யிலுக்கு அவை ஒத்துவருமா என்றுகூட யோசிக்காமல், லொறியில் கன்றுகளை இறக்கினார். அப்பிள் என்றால் அப்பிள்தானே என்று உதிர்ந்த ஒன்றை நானும் கடித்தேன். கோலிக்குண்டு அளவு பழம். புளிப்பில் காது வரை இழுத்துக்கொண்டது.

கன்றுகளைப் பார்க்க என் தம்பி யூட் வந்தான். இருபத்திரண்டு வயது. எனக்குப் பெர்மெசோ, அதுதான் தங்கும் அனுமதி, கிடைத்திருந்தது. அவனுக்கு இல்லை. கத்தரிக்கோலும் கையுமாக மரத்தைச் சுற்றிச் சுற்றி வருவான். ஒன்றோடொன்று உரசுகிற கிளை, உள்பக்கம் வளர்கிற கிளை, அடியில் கிளம்புகிற வேர்க்குருத்து எல்லாம் போய்விடும்.

"இவ்வளவு வெட்டினா மரத்திலை என்னடா மிஞ்சும்?" என்பேன்.

"உள்ளுக்கை காத்துப் போக வேணும் அக்கா. நீங்கள் சமையலைப் பாருங்கோ."

வெட்டின கொப்பின் பச்சை வாசம் அவன் சேட்டிலேயே இருக்கும்.

கரைச்சல் முயலால் வந்தது. பூங்காவிலிருந்து வேலிக்கடியால் நுழைந்து இளம் பட்டையைக் கொறிக்கும். சுற்றிவரக் கொறித்தால் மரம் பட்டுப்போகும். யூட் கோழிக்கூட்டுக் கம்பிவலை வாங்குவித்து, ஒவ்வொரு கன்றையும் சுற்றி ஒரு சாண் ஆழம் மண்ணுக்குள் புதைத்தான். முயல் வருவது நின்றது.

ஆனால் அந்த வீட்டு மருமகனுக்கு வலை கண்ணில் குத்தியது. அவர் வக்கீல். "ஈஸ்டருக்கு விருந்தாளிகள் வருகிறார்கள், இது தோட்டமா கோழிக்கூடா?" என்று வலையைக் கழற்றச் சொன்னார். கழற்றினோம். பிறகு அவர், எங்கள் ஒருவருக்கும் சொல்லாமல், ஆள் வைத்து மரங்களின் அடியில் பொறிகளைப் புதைத்துச் சருகால் மூடுவித்தார்.

திங்கட்கிழமை காலை யூட் மரத்தடியில் குந்தி, ஒரு வேர்க்குருத்தைப் பிடுங்கச் சருகுக்குள் கையை விட்டான்.

நான் சத்தம் கேட்டு ஓடினேன். இரண்டு காலாலும் ஏறி மிதித்துத்தான் பொறியைத் திறக்க முடிந்தது. வக்கீல் வந்து பார்த்தார். என்னைத் தனியே கூப்பிட்டு, சின்னப்பிள்ளைக்குச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார்: "ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாதே. பெர்மெசோ கேட்பார்கள். நேரே விமானத்தில் ஏற்றிவிடுவார்கள். என் டொக்டர் வருவார்."

சட்டம் படித்தவர் சொல்கிறார். ஊரில் சண்டை நடக்கிறது. நான் 'சீ' என்றேன்.

டொக்டர் பொழுதுபட்ட பிறகு வந்து கட்டுப்போட்டார். மூன்றாம் நாள் விரல்கள் கறுத்தன, உடம்பு அனலாய்க் கொதித்தது. "திருப்பி அனுப்பினா அனுப்பட்டும். உயிரோடை அனுப்பட்டும்" என்று அவனைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஆஸ்பத்திரியில் ஒருவர்கூடப் பெர்மெசோ கேட்கவில்லை. அங்கிருந்த தாதி கேட்டது ஒன்றே ஒன்றுதான்: எந்தக் கையால் சாப்பிடுகிறவர்? அந்தக் கைதான். இரண்டு விரல்களை எடுத்தார்கள். அன்றைக்கே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார் வெட்டின டொக்டர்.

ஞாயிறு மத்தியானம் அந்த வீட்டுக்குப் போனேன். எல்லோரும் சாப்பாட்டு மேசையில். சிஞ்ஞோரா, "பாவம் பையன். எப்போ வருவான்? இன்னும் ஒரு வரிசை வெட்டக் கிடக்கே" என்றார். நான் பின்பக்கம் போய், கழுவாமல் கிடந்த பொறியை எடுத்துவந்து வெள்ளை விரிப்பின் நடுவில், பாஸ்தாத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"பிள்ளைகளுக்கு முன்னால் இதெல்லாம் வேண்டாம்" என்றார் வக்கீல். அவர் குரல் உயரவில்லை.

எனக்கு அன்றைக்கு இத்தாலியன் வரவில்லை. தமிழிலேயே கதைத்தேன். "பெர்மெசோ கேப்பினம் எண்டு சொன்னியள். ஒருத்தரும் கேக்கேல்லை. பொறி வைச்சது வெளியிலை தெரியக்கூடாதெண்டு, தெரிஞ்சுதானே சொன்னனீங்கள்?" ஒருவருக்கும் விளங்கியிருக்காது. ஆனால் ஒருவரும் கரண்டியைத் தூக்கவில்லை. என் உடுப்புப் பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

யூட் இப்போது கனடாவில், பிள்ளைகுட்டியோடு. "விடுங்கோ அக்கா, அது அப்ப" என்கிறான். அவன் விட்டுவிட்டான். என்னால் முடியவில்லை.

அந்த மாளிகையை இடித்து மாடிவீடுகள் கட்டிவிட்டார்கள். மரங்கள் நின்ற இடம் கார் இறங்குகிற சரிவு. சிஞ்ஞோரா இறந்துபோனார். வக்கீலைச் சென்ற மாரியில் மருந்துக்கடையில் கண்டேன், சில்லுக்கதிரையில். தள்ளிவந்தது நம்முடைய பிள்ளை, யாழ்ப்பாணத்துப் பெட்டை. எத்தனையோ வருடமாகச் சேர்த்துவைத்த இத்தாலியன் முழுவதும் வாய்க்கு வந்துவிட்டது. நேரே முன்னால் போய் நின்றேன். அவர் என்னைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"அன்ரிக்கு இவரைத் தெரியுமோ?" என்றாள் அந்தப் பிள்ளை. "நல்ல மனிசன். ஆனா ஒண்டும் ஞாபகமில்லை. சொந்தப் பேரே தெரியாது."

மருந்தை வாங்காமலே வெளியே வந்தேன். மறதிகூட அவருக்குத்தான் வாய்த்திருக்கிறது.