கூரைப்பட்டில் பூசணம்

கன்னடப் பள்ளிக்கூடத்தில் பத்தாவது வரை படித்தவள் நான். தமிழ் எழுத்தை அம்மா தினசரிக் காலண்டர் தாளை வைத்துக்கொண்டு வீட்டிலேயே சொல்லிக் கொடுத்தாள். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவள் எழுத உட்கார்ந்திருப்பது அதிகப்பிரசங்கித்தனம்தான். படிப்பவர்கள் மன்னிக்க வேண்டும். இந்த மழைக்குப் பீரோவில் வைக்கச் சொல்லி என் மகன் ஈரம் உறிஞ்சும் டப்பா ஒன்று வாங்கி வந்தான். அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு அத்தை ஞாபகமாகவே இருக்கிறது.

அப்போது நாங்கள் மைசூரில் ஒரு காம்பவுண்டுக்குள் இருந்த நாலு வீட்டில் ஒன்றில் குடியிருந்தோம். துணி வைக்க எங்களுக்கு இருந்தது மரக்கதவு போட்ட சுவர் அலமாரி ஒன்றுதான். அந்தச் சுவருக்கு அடுத்த பக்கம் வீட்டுக்காரரின் குளியலறை. காலையில் அவர்கள் எல்லோரும் வெந்நீர் ஊற்றிக் குளித்து முடிப்பதற்குள் எங்கள் அலமாரிக்கு வேர்த்துவிடும். சுவரில் ஈரம் இறங்குகிறது என்று போய்ச் சொன்னால், பிடிக்காவிட்டால் காலி செய்யுங்கள் என்பார். அதனால் அப்பா சொல்லமாட்டார்.

அந்த அலமாரியைக் காப்பாற்றி வந்தவள் அத்தை. அப்பாவின் தங்கை. ஹனூர் பக்கத்திலிருந்து நர்சிங் படிக்க வந்து எங்களோடு இருந்தாள். துணிகள் பின்சுவரில் படாமல் நாலு விரல் தள்ளி அடுக்குவாள். ஈரம் இழுக்கக் கீழ்த்தட்டில் அடுப்புக்கரியைத் துணியில் முடிந்து வைப்பாள். கொஞ்சம் வெயில் தலைகாட்டினால் போதும், இரண்டு கதவையும் விரியத் திறந்துவிட்டு, நான் மூடப் போனால் கையில் தட்டுவாள். கடையில் கொடுக்கிற பிளாஸ்டிக் உறையைக் கண்டாலே கிழித்துப் போடுவாள். "இதுக்குள்ள துணி மூச்சு விடாது கண்ணு. ரெண்டே வாரத்துல பூசணம் பூத்துரும்" என்பாள். அந்த வேலைகளில் எல்லாம் நான் அவளுக்குக் கூடமாட இருந்தேன்.

இரண்டாம் வருடம் படிக்கும்போது அத்தைக்கு ராமாபுரத்தில் மாப்பிள்ளை அமைந்தது. நிலம், தோட்டம், டிராக்டர் எல்லாம் இருந்த வீடு. "அண்ணா, படிப்பு முடியட்டும். ஒரே ஒரு வருசம்" என்று அத்தை கேட்டாள். "நல்ல இடம் அம்முணி. நமக்காக உக்காந்துட்டு இருப்பாங்களா?" என்றார் அப்பா. அவள் அதற்குப் பிறகு அதைப்பற்றிப் பேசவில்லை. நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளை வீட்டார் கூரைப்பட்டையும் தட்டில் வைத்துக் கொடுத்தார்கள். அரக்கு நிறத்தில், கை அகலத்துக்குச் சரிகை போட்டது. அதை அத்தையே அலமாரியில் வைத்தாள்.

ஆவணியில் கல்யாணம். ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையின் அம்மா வருவதாகத் தகவல் வந்தது. புடவையைக் குலதெய்வத்தின் காலடியில் வைத்து எடுக்க வேண்டும், அதற்காக வாங்கிப்போக வருகிறார். பத்து நாளாக விடாத மழை. அன்றைக்குக் காலையில் அம்மா அலமாரியைத் திறந்ததும் குப்பென்று ஒரு வாடை வந்தது. கூரைப்பட்டு கீழ்த்தட்டின் மூலையில், ஈரச் சுவரோடு சுவராக, பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. உறையின் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர். பிரித்தால், முந்தானைப் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளையாகப் பூசணம் படர்ந்திருந்தது.

"இதை யாரு பிளாஸ்டிக்ல வெச்சது?" என்று அம்மா கத்தினாள்.

"நான்தான் அண்ணி. தெரியாம வெச்சுட்டேன்" என்றாள் அத்தை.

அப்பா புடவையைப் பார்த்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். அவருடைய பெரியப்பா மகளுக்கு நிச்சயமான கல்யாணம், கூரைப்புடவையில் குத்துவிளக்குத் தீ பட்டு ஓட்டை விழுந்ததால் நின்றுபோனது. அந்த அக்காளுக்குப் பிறகு வரனே அமையவில்லை. அந்தப் பயத்தை வாய்விட்டு அம்மாதான் சொன்னாள்.

"இது தெரிஞ்சா அந்தம்மா வேற பொண்ணு பாத்துக்கறோம்னு போயிருவாங்க. ஊரெல்லாம் பேசும்."

"சும்மா பொலம்பாத. ஏதாச்சும் பண்ணு" என்றார் அப்பா.

அம்மா துண்டைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து எடுத்து வந்தாள். எனக்குப் பதறிப்போயிற்று. "ஈரத்துணி ஆகாதும்மா, கறை உள்ள எறங்கிரும்னு அத்தை சொல்லியிருக்கா."

"அப்படின்னா உங்க அத்தையையே வந்து எடுக்கச் சொல்லு!"

நான் அத்தையைப் பார்த்தேன். எந்தத் துணியில் எந்தக் கறை பட்டாலும் முதலில் ஓடி வருகிறவள், வாசல்கதவில் சாய்ந்து மழையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பயத்தில் கைகால் ஓடவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். போய் அவள் கையைப் பிடித்தேன். சில்லென்று இருந்தது.

கடைசியில் அப்பா யோசனை சொன்னார். "மடிப்பை மாத்தி மடி. பூத்தது உள்ள போற மாதிரி."

"கோயில்ல போயிப் பிரிக்கமாட்டாங்களா?"

"இங்க பிரிக்காம இருந்தாப் போதும். அங்க போயிப் பாத்தா, வழியில மழையில ஈரம் பட்டுருச்சுன்னு நெனச்சுக்குவாங்க."

அம்மா மடித்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் குடையை உதறும் சத்தம் கேட்டது. மாப்பிள்ளையின் அம்மா ஒரு பை நிறைய அவரைக்காயோடு நின்றிருந்தார். முழங்கால்வரை சேலை நனைந்திருந்தது. "கொள்ளேகால் பஸ்ஸு நின்னு நின்னு வருதுங்க. மைசூர் வர்றதுக்குள்ள பொழுதே போயிருச்சு" என்று சிரித்துக்கொண்டே உள்ளே வந்தார்.

"காப்பி குடிங்க முதல்ல" என்றார் அப்பா.

"காப்பிக்கு என்னங்க அவசரம்? பொடவையைக் காட்டுங்க. கண்ணுல பாத்து ஒரு மாசமாச்சு."

அம்மா தட்டில் வைத்து நீட்டினாள். அந்தம்மா எடுத்தார். மூக்கருகே கொண்டுபோனார். மடியில் வைத்துப் பிரிக்கத் தொடங்கினார். ஒரு மடிப்பு, இன்னொரு மடிப்பு. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா சுவரைப் பார்த்தார். அத்தை மட்டும், அதுவரை மழையைப் பார்த்திருந்தவள், திரும்பி அந்தம்மாவின் முகத்தையே கண் கொட்டாமல் பார்த்தாள்.

வெள்ளைப் படலம் வெளியே வந்தது. அந்தம்மா அதை விரலால் தொட்டார். எங்கள் நாலு பேரையும் ஏறிட்டுப் பார்த்தார். பிறகு பெரிதாகச் சிரித்துவிட்டார்.

"இதுக்கா எல்லாரும் எழவு வூட்டாட்டம் நிக்கறீங்க? நான் கொள்ளேகால் தறிக்காரர் வூட்டுப் பொண்ணுங்க. ஆடி மழையில பூக்காத பட்டு எந்த வூட்டுல இருக்குது? கண்ணு, காஞ்ச, மெல்லிசான மல்லுத் துணி ஒண்ணு கொண்டா."

நான் ஓடிப்போய் எடுத்து வந்தேன். அந்தம்மா தாழ்வாரத்தில் உட்கார்ந்து, அழுத்தாமல், குழந்தை முகத்தில் பவுடரைத் துடைப்பது மாதிரி துடைத்துத் துடைத்து உதறினார். பிறகு உள்ளே ஃபேனுக்கடியில் கயிறு கட்டி விரித்துப் போட்டார். காப்பி கலக்கிற நேரத்துக்குள் அங்கே ஏதோ இருந்தது என்று சொன்னால்தான் தெரியும் என்கிற அளவுக்கு ஆகிவிட்டது. அப்பா நன்றி சொல்லத் தெரியாமல், "இன்னொரு காப்பி குடிங்க, இன்னொரு காப்பி" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தம்மா அத்தையைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்துக்கொண்டார். "மொகமெல்லாம் வெளுத்துப் போச்சு பாரு. உன்ன யாராச்சும் ஒரு வார்த்த சொல்லுவாங்களா? படிப்பு, ஆஸ்பத்திரின்னு அலைஞ்சதெல்லாம் போதும் சாமி. எங்கூட வந்து சொகமா இரு. எல்லாம் நான் பாத்துக்கறேன்."

அத்தை தலையாட்டினாள். இரண்டாவது காப்பி கொண்டுவருகிறேன் என்று எழுந்து சமையலறைக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். அவள் டம்ளரை மேடையில் வைத்துவிட்டு, வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"அதான் சரியாயிருச்சே அத்தே. கறையே இல்ல" என்றேன்.

"ரொம்ப நல்லவங்களா இருக்காங்க கண்ணு" என்றாள். அதையே திரும்பவும் சொன்னாள். "ரொம்ப நல்லவங்களா இருக்காங்களே."

நல்லவர்களாக இருந்தால் எதற்கு அழ வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. பயந்து போயிருந்தாள், இப்போது பயம் தெளிந்ததால் அழுகிறாள் என்று நானே முடிவு செய்துகொண்டு, அம்மாவிடமும் போய் அப்படித்தான் சொன்னேன்.

மறுநாள் திங்கட்கிழமை. மழை விட்டிருந்தது. அப்பா வேலைக்கு லீவு போட்டுவிட்டு நர்சிங் பள்ளிக்குப் போய், தன் தங்கை இனிமேல் வரமாட்டாள் என்று சொல்லிவிட்டு வந்தார்.