பச்சை அடித்த ஜெக்

பச்சைப் பெயிண்ட் அடித்த, வண்டி தூக்குகிற ஜெக் ஒன்றைக் கண்டால் நான் இன்றைக்கும் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். போன மாதம் கண்டி குட்ஷெட் பஸ் நிலையத்தில் பஸ்ஸுக்காக நின்றபோது கைப்பேசியில் ஒரு வீடியோ தானாக ஓடத் தொடங்கியது. பார்த்தால் என் பழைய முதலாளி. மடிப்புக் கலையாத காற்சட்டை, புதுக் கையுறை, பக்கத்தில் ஜீப், கையில் பச்சை ஜெக். சேற்றில் புதைந்த வண்டியை எப்படிப் பத்திரமாகத் தூக்குவது என்று ஊருக்கே வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். முடிக்கும்போது சிரித்துக்கொண்டு சொன்னார்: "இத்தனை வருஷத்துல எங்க ஆளுங்களுக்கு ஒரு கீறல் விழுந்ததில்ல. ஒரே ஒரு டிரைவர்தான் சொன்னதைக் கேக்காம கைப்பிடிய விட்டாரு. அது அவரோட பிழை." அந்த ஒரே ஒரு டிரைவர் என் தங்கச்சியின் புருஷன். வீடியோவுக்குக் கீழே ஆயிரம் பேர் கைதட்டியிருந்தார்கள்.

கட்டுகஸ்தோட்டைப் பக்கம் முதலாளிக்கு நாலு ஜீப் இருந்தன. வெள்ளைக்காரர்களை ஏற்றிக்கொண்டு தெல்தெனியவுக்கு அப்பால் மலைக்காட்டுப் பாதைகளைக் காட்டி வருவதுதான் தொழில். நான் ஒரு ஜீப் ஓட்டினேன். நாலு வண்டியின் சாமான்களுக்கும் நான்தான் பொறுப்பு. மச்சானை அங்கே வேலைக்குச் சேர்த்துவிட்டதும் நான்தான். வண்டிக்கு இரண்டு ஜெக் இருக்கும். தார் ரோட்டில் டயர் மாற்றக் குட்டையான போத்தல் ஜெக் போதும். சேற்றில் அதை வைத்தால் வண்டி எழும்பாது, ஜெக்தான் மண்ணுக்குள் இறங்கும். அங்கே நெஞ்சுயரம் நிற்கிற இன்னொன்று வேண்டும். நாங்கள் அதை நெட்டை ஜெக் என்போம். வரிசையாகத் துளை போட்ட இரும்புத் தண்டு. நீளக் கைப்பிடியை ஆட்ட ஆட்ட, இரண்டு சின்ன ஆணிகள் துளைக்குத் துளை மாறி மாறி விழுந்து அதில் ஏறும், இறங்கும். வண்டியின் முழுப் பாரமும் விரல் தடிப்புள்ள அந்த ஆணிகளில்தான் நிற்கிறது. அவற்றைத் துடைத்து மெல்லிய எண்ணெய் விட்டு வைக்க வேண்டும். கிரீஸ் கூடாது, மண் ஒட்டும். ஏற்றும்போதுகூடப் பரவாயில்லை, இறக்கும்போதுதான் அது ஆளைக் கொல்லும். ஆணி துளைக்குள் சரியாக விழாவிட்டால் பாரம் கைப்பிடியைப் பிடுங்கிக்கொண்டு மேலும் கீழும் அடிக்கும். அதன் வழியில் யாருடைய முகமும் இருக்கக் கூடாது.

மச்சான் இந்த விஷயத்தில் சரியான பயந்தாங்கொள்ளி என்று நாங்கள் கேலி செய்வோம். வண்டி உருளாமல் சில்லுகளுக்குக் கல் முட்டுக் கொடுப்பார். ஜெக்குக்கு அடியில் வைக்க வீட்டிலிருந்து ஒரு அகலமான பலகை கொண்டு வந்திருந்தார். வெள்ளைக்காரர்களைப் பத்தடி தள்ளி நிறுத்திவிட்டுத்தான் கைப்பிடியைத் தொடுவார். தொட்டால் இரண்டு கையாலும் பிடிப்பார், தலையைப் பின்னால் வைத்துக்கொள்வார். அப்படிப்பட்ட மனிதரைத்தான் கைப்பிடியை விட்டவர் என்று ஊர் சொல்கிறது.

முதலாளியைப் பற்றி நல்லதாக ஏதாவது சொல்லலாமா என்று நானும் யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை. வேலையாட்களோடு கை குலுக்கினால், சட்டைப்பையிலிருந்து மருந்துப் போத்தலை எடுத்து நம் கண் முன்னாலேயே கையைத் தேய்த்துத் துடைப்பார். நெட்டை ஜெக்கை வாங்கியதே, ஜீப்பின் முன்னால் கட்டிவிட்டால் படத்தில் எடுப்பாக விழும் என்றுதான். ஒரு ஆயுத பூசைக்கு இரண்டு நாள் முன்னதாக, சாமான்கள் எல்லாவற்றுக்கும் ஜீப்பின் பச்சையையே அடிக்கச் சொன்னார். ஜெக்கின் ஆணிக்கு மட்டும் வேண்டாம், காய்ந்தால் இறுகிவிடும் என்றேன். "பூசைக்கு வைக்கிற சாமான் பாதி துருவோடயா நிக்கிறது? அடிங்க" என்றார். நான் அடித்தேன். ஆணி, ஸ்பிரிங், துளை ஒன்றையும் விடாமல் அடித்தேன். பூசையன்று அதன்மேல் அவர் கையாலேயே சந்தனத்தைக் குழைத்து அப்பி, குங்குமம் வைத்தார். நாங்கள் வரிசையாக நின்று கும்பிட்டோம். பூசை செய்த பொருளை உடனே சுரண்டக் கூடாது என்று நான் அதை அப்படியே விட்டேன். அது பக்தி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பக்தியுமில்லை ஒன்றுமில்லை, சோம்பல்.

பூசை முடிந்த மூன்றாம் நாள் காலையில் புறப்படும்போது, ஜெக்கைப் பார்த்தாயிற்றா என்று மச்சான் என்னிடம் கேட்டார். பார்த்தாயிற்று என்றேன். பகல் முழுக்க மழை. மலைப்பாதையில் அவருடைய ஜீப்பின் ஒரு பக்கம் சேற்றில் அச்சுவரை இறங்கிவிட்டது. நான் பின்னால் வந்த ஜீப்பில் இருந்தேன். கல், பலகை, ஆட்களைத் தள்ளி நிறுத்துவது எல்லாம் முறைப்படி நடந்தது. வண்டியைத் தூக்கிச் சில்லுக்கு அடியில் கல் நிரப்பிவிட்டு இறக்கத் தொடங்கினார். மேல் ஆணி துளைக்குள் போகாமல் வெளியிலேயே ஒட்டிக்கொண்டு நின்றதை நான் கண்டேன். அதைச் சுற்றிப் பச்சையும் சந்தனமும் பிசைந்த களி. வாயைத் திறந்து கத்துவதற்குள் கைப்பிடி அவருடைய இரண்டு கையையும் பிய்த்துக்கொண்டு போயிற்று. சேற்றில் கால் வழுக்கி அவர் முன்னால் சாய்ந்தார். திரும்பி வந்த அடி தாடையில் விழுந்தது. அந்தச் சத்தத்தை எழுத எனக்கு விருப்பமில்லை.

கண்டி ஆஸ்பத்திரிக்கு முதலாளி தோடம்பழத்தோடு வந்தார். தாடை உடைந்து கம்பி போட்டுக் கட்டிய ஆளுக்குத் தோடம்பழம். நினைவில்லாமல் கிடந்த மச்சானை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கட்டிலோரக் கதிரையில் உட்கார்ந்து, அந்தப் பழங்களை உரித்துத் தானே தின்னத் தொடங்கினார். தின்றுகொண்டே, போலீஸில் நான் என்ன சொல்ல வேண்டும் என்று விளக்கினார். சாமானில் பிழை என்றால், சாமானுக்குப் பொறுப்பு யார், பெயிண்ட் அடித்த கை யாருடையது என்று கேட்பார்களாம். டிரைவர் கை தவறி விட்டுவிட்டார் என்றால் யாருக்கும் கரைச்சல் இல்லையாம். "அவரு படுத்துட்டாரு. நீங்களும் உள்ள போனா ஒங்க தங்கச்சிய யாரு பாக்கிறது?" என்றார். சாறு அவர் நாடியில் வழிந்தது. விதைகளைத் தோலில் துப்பி, அந்தத் தோலை என்னிடம் நீட்டினார். நான் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். அதே கையால் ஆஸ்பத்திரிப் போலீஸில் கையெழுத்துப் போட்டேன். முதலாளியை நினைத்து வருகிற அருவருப்பில் பாதி எனக்கே சேர வேண்டியது.

பிறகு எந்த ஜீப்காரரும் மச்சானை வேலைக்கு எடுக்கவில்லை. தெல்தெனியவில் ஒரு மரக்கறிக் கடையில் நிறுத்துக் கொடுக்கிறார். முகத்தின் ஒரு பக்கம் உள்ளே போய்விட்டது. சோற்றைப் பிசைந்து குழைத்துத்தான் சாப்பிடுகிறார். நான் இரண்டு வருஷம் கழித்து அந்த வேலையை விட்டு, இப்போது பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறேன். தீபாவளிக்குப் போவேன், உடுப்பு கொடுப்பேன், அந்த நாளைப் பற்றி மட்டும் பேச மாட்டேன். அவரும் கேட்டதில்லை. எல்லாம் தெரிந்துதான் என்னை மன்னித்துவிட்டார் என்று வசதியாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

வீடியோவைப் பார்த்த மறுநாள் அவர்கள் வீட்டுக்குப் போனேன். தங்கச்சி தேத்தண்ணி கொண்டு வந்து தந்துவிட்டுக் கதவோரம் நின்றாள். பாதி குடித்ததும், இனியும் பொறுக்க முடியாமல் சொல்லத் தொடங்கினேன். பெயிண்ட், சந்தனம், காலையில் பார்க்காமலே பார்த்தாயிற்று என்றது, போலீஸில் சொன்ன பொய், ஒன்றையும் விடவில்லை. மச்சான் என் முகத்தைப் பார்க்காமல் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோணிய வாயால் மெதுவாகச் சொன்னார்:

"எனக்கு அன்னைக்கு நடந்தது ஒண்ணும் ஞாபகமில்ல மச்சான். நான் கைய விட்டுட்டேன்னு நீங்க சொன்னதாச் சொன்னாங்க. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு நம்பிட்டேன். இப்பவும் தூக்கத்துல எதையோ இறுக்கிப் புடிச்சிக்கிட்டுத்தான் எந்திரிக்கிறேன்."

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். தங்கச்சி வந்து என் கையிலிருந்த கோப்பையை வாங்கினாள். மிச்சத் தேத்தண்ணியை முற்றத்தில் ஊற்றிவிட்டுத் திரும்பி வந்தாள். "போலீஸ்ல போயி உள்ளத மாத்திச் சொல்லிட்டு வாங்கண்ணே. அதுக்குப் பெறகு இந்த வீட்டுல தேத்தண்ணி குடிக்கலாம்" என்றாள்.

செருப்பை மாட்டிக்கொண்டு, அன்றைக்குக் கையெழுத்துப் போட்ட அந்தப் போலீஸுக்கே போகக் கண்டி பஸ் ஏறினேன். அத்தனையும் கேட்ட பிறகும் அவள் என்னை அண்ணே என்றுதான் கூப்பிட்டிருந்தாள்.