படியில் ஊற்றிய ஒரு வாளி

சீட்டுக்கட்டு அளவே இருக்கும் அந்தக் குட்டிக் கம்ப்யூட்டர் பலகை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க என்னைப் பாடாய்ப் படுத்தியது. முடிச்சூரில் எங்கள் வீடு கீழ்த்தளம். அப்பாவுக்குக் காலில் மாவுக்கட்டு, கட்டிலை விட்டு இறங்க முடியாது. நானும் மனைவியும் வேலைக்குப் போய்விட்டால் பகலில் அவர் தனி. பலகையோடு இணைத்து வாசற்படியில் வைத்த சென்சரைத் தண்ணீர் தொட்டதும் என் போனுக்குச் செய்தி வரவேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. மழை வருகிறது என்று டிவியில் வேறு சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

செய்தி அனுப்பும் மென்பொருள் ஏறவே மாட்டேன் என்றது. அதை இறக்கும் இணையதளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லுபடியாகும் தேதியே இன்னும் வரவில்லையாம். நெட்காரனைத் திட்டினேன். மெமரி கார்டை மாற்றினேன். கடைசியில் பார்த்தால் பலகையின் கடிகாரம் போன வருஷத்தில் இருந்தது. கடிகாரத்துக்கென்று அதில் பேட்டரி கிடையாது. கரண்ட் போனால் நின்ற நேரத்திலேயே மறுபடி விழிக்கும். நெட்டில் கேட்டுத்தான் சரியான நேரத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். அது ஏனோ கேட்கவில்லை. நானே கையால் நேரத்தைத் திருத்தினேன், மென்பொருள் சமர்த்தாக ஏறிவிட்டது. ஏன் கேட்கவில்லை என்று துருவ எனக்குப் பொறுமை இல்லை.

திங்கட்கிழமை காலை ஒரு வாளி தண்ணீரைப் படியில் ஊற்றிப் பார்த்தேன். 'படியில் தண்ணீர்' என்று நேரத்தோடு செய்தி வந்தது. அதை அப்பாவிடம் காட்டி, "தண்ணி வந்தா எனக்குத் தெரிஞ்சிடும்பா. ஓடி வந்துடுவேன்" என்றேன்.

நான் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது, கரண்டும் போய்விட்டது. மதியம்தான் திரும்பியதாம். இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. கிண்டி ஆபீசில் சாப்பிட உட்கார்ந்தபோது செய்தி வந்தது. அதில் காலை நேரம் போட்டிருந்தது. நான் ஊற்றிய வாளிதான் மறுபடி வருகிறது என்று நினைத்துத் தயிர்சாதத்தைப் பிசைந்தேன். இன்னொன்று வந்தது, அதுவும் காலை. மூன்றாவது வந்தபோதுதான் கை நின்றது. நான் ஊற்றியது ஒரே வாளி; கரண்ட் போய் வந்து பலகையின் கடிகாரம்தான் காலையிலேயே நிற்கிறது.

அப்பா போனை எடுக்கவில்லை. தாம்பரம் வரும்வரை அடித்துக்கொண்டே இருந்தேன். ஸ்டேஷனில் ஒரு ஆட்டோவும் முடிச்சூருக்குள் வரச் சம்மதிக்கவில்லை. பாதி வழிவரை மட்டும் வர ஒருவர் ஒப்புக்கொண்டார்; அங்கே இறங்கி, முழங்கால் தண்ணீரில் கர்த்தரை வேண்டிக்கொண்டே நடந்தேன்.

கட்டில் சட்டம்வரை தண்ணீர் ஏறியிருந்தது. எட்டாத மேஜையில் போன் கிடந்தது. மேல்வீட்டு அண்ணா பிளாஸ்டிக் நாற்காலியோடு கட்டில் பக்கத்தில் நின்றிருந்தார், துணைக்குப் பக்கத்து வீட்டுக்காரர்.

"எவ்ளோ நேரமா கூப்பிடுறோம் சார். நீங்க வராம மேல வரமாட்டேன்றாரு" என்றார் மேல்வீட்டு அண்ணா.

அப்பா அவர்களைப் பார்த்துச் சிரித்தார். "அவனுக்கு மெசேஜ் போயிருக்கும், வந்துடுவான்னு சொன்னேன்ல?"

நாற்காலியில் உட்காரவைத்து மூவருமாகத் தூக்கினோம். படியேறும்போது கேட்டார், "மெசேஜ் எப்பப்பா வந்துச்சு?"

"இப்பதான்பா" என்றேன்.